கூட்டம் கூடுகிறது, வட்டம் கூடுகிறதா?

(நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பேசுவதைத் தொழிலாகக் கொண்டவன் நான். நாடகம் எழுதுகிறேன்; நாலு பேர் கூடுகிற இடத்திலே நாட்டு நிலையை எடுத்துரைக்கிறேன். அப்படிப்பட்ட ஒருவனை அழைத்துவந்து எந்தப் பலகையின் கீழே நிறுத்தியிருக்கிறீர்கள் தெரியுமா? சற்றே நிமிர்ந்து பாருங்கள். ‘அமைதி காக்கவும்’ என்று எழுதியிருக்கிறது! பேச்சாளனை அடக்குவதற்கு இதைவிட நயமான வழியை எந்த அரசும் இதுவரை கண்டுபிடித்ததில்லை.

அந்தப் பலகையை நான் குறைகூறவில்லை. படிப்பவனுக்கு அமைதி வேண்டும். ஆனால், படித்து முடித்தவன் என்ன செய்யவேண்டும்? படித்ததை நெஞ்சிலே போட்டுப் பூட்டிக்கொண்டு வீடு திரும்பிவிடவேண்டுமா? ஒருவன் உண்ட சோறு அவன் ஒருவனுக்குத்தான் உரம். ஒருவன் படித்த ஏடோ, எடுத்துச் சொன்னால் ஊருக்கே உரமாகும். ஆகவேதான், ஆறு நாளும் அமைதி காக்கிற இந்தக் கூடத்திலே, ஏழாம் நாள் ஒரு மணி நேரமாவது பேச்சு ஒலிக்கவேண்டும் என்று கேட்க வந்திருக்கிறேன். மேடைப் பேச்சு அல்ல, தோழர்களே, உரையாடல்!

நாம் கூட்டம் கூட்டுவதில் வல்லவர்கள். மாநாடு என்று ஒரு சொல் சொன்னால் போதும். வேன் பிடித்து, லாரி பிடித்து, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்து குவிகிறோம். பந்தல் கொள்ளாது, பாதை கொள்ளாது. ஆனால் அதே ஊரிலே, பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரு நூலைப் பற்றிப் பேசலாம் வாருங்கள் என்று அழைத்தால் என்ன நடக்கிறது? ஒருவருக்குத் திருமணம், ஒருவருக்குத் தலைவலி, மூன்றாமவர் வருகிறார், தேநீர் எப்போது என்று கேட்கிறார்! கூட்டம் கூடுகிறது, வட்டம் கூடுவதில்லை.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு? கூட்டத்திலே ஒருவன் பேசுகிறான். ஓராயிரம் பேர் கேட்கிறார்கள். ஒலிபெருக்கி ஒருவழிப் பாதை. அதிலே என் குரல் உங்களிடம் வரும். உங்கள் குரல் என்னிடம் வராது. வருவது கைதட்டல் மட்டுமே. கைதட்டல் இனிக்கும், அதை உண்டு வாழ்கிறவன் நான், எனக்குத் தெரியாதா? ஆனால் கைதட்டலிலே கேள்வி இல்லை. வட்டத்திலேதான் கேள்வி பிறக்கும். அங்கே முன் வரிசை இல்லை, பின் வரிசை இல்லை. அங்கே மாலை ஒருவருக்கு, மண் தரை ஒருவருக்கு என்பதும் இல்லை.

வரி நம்முடையது

இந்தக் கட்டடம் யாருடையது? அரசாங்கத்துடையது என்பீர்கள். வீட்டிலே சொத்து வரிச் சீட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி என்று சேர்ந்திருக்கிறது. வாடகைக்குக் குடியிருப்பவரும் வீட்டுக்காரர் வழியாக அதைச் சுமக்கவே செய்கிறார். ஆக, இந்த நாற்காலி உங்களுடையது; இந்த மின்விசிறி உங்களுடையது; இந்த அலமாரியிலே உறங்கிக்கொண்டிருக்கிற ஒவ்வொரு ஏடும் உங்களுடையது. உங்கள் பணத்திலே வாங்கிய விளக்கை ஏற்றாமல், இருட்டிலே உட்கார்ந்திருப்பது என்ன சிக்கனம்?

இந்த வரிக்கு வழிவகுத்தது 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம். விடுதலை பெற்ற இந்தியாவிலே மாநிலம் ஒன்று நூலகத்துக்கென இயற்றிய முதற்சட்டம் அது. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது அது நிறைவேறியது. அத்தகைய சட்டம் வேண்டுமென்று ஆண்டுக்கணக்கில் வாதாடியவர், 1892இல் சீர்காழியிலே பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணக்கு ஆசிரியராக இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். நூல் என்பது அடுக்கிவைத்து அழகு பார்ப்பதற்கல்ல, பயன்படுவதற்கே என்பதை நூலகத் துறையின் முதல் விதியாக்கி, 1931இல் ஏடாக வெளியிட்டார்.

விதி எழுதியதோடு நின்றாரா? அதே 1931ஆம் ஆண்டு மன்னார்குடிப் பகுதியிலே, கனகசபைப் பிள்ளை என்பார் முயற்சியால் மாட்டுவண்டி நூலகம் ஒன்று புறப்பட்டது. அதைத் தொடங்கிவைத்தவர் ரங்கநாதன். நெல் ஏற்றிய வண்டியைக் கண்டிருந்த சிற்றூர், நூல் ஏற்றிய வண்டியைக் கண்டது. வாசகன் வரவில்லையே என்று வருந்திக்கொண்டிருக்கவில்லை அவர்கள். வாசகனைத் தேடி நூலை அனுப்பினார்கள்.

இன்றைய நிலை என்ன? சென்னைக் கோட்டூர்புரத்திலே 2010இலும், மதுரையிலே 2023இலும் வியக்கத்தக்க நூலகங்கள் எழுந்தன. 2006ஆம் ஆண்டுக்குப் பின், ஊராட்சிகளிலெல்லாம் சிறு நூலகங்கள் அமைக்கும் திட்டம் நடந்தது. மகிழ்கிறோம். ஆனால் தோழர்களே, உங்கள் ஊராட்சியிலே உள்ள அந்தச் சிறு நூலகம் இன்று திறந்திருக்கிறதா, பூட்டு தொங்குகிறதா? சாவி யாரிடம்? உள்ளாட்சி வசூலித்த நூலக வரி மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர்ந்ததா? கேட்டிருக்கிறோமா? சாலையில் பள்ளம் என்றால் சாலையை மறிக்கிறோம். குழாயிலே நீர் வராவிட்டால் குடத்தோடு போகிறோம். நூலகம் பூட்டிக் கிடந்தால் மட்டும், அதைச் சுவரொட்டி ஒட்ட வசதியான சுவர் என்று கருதிவிடுகிறோம்!

சுருட்டுத் தொழிலாளர் தந்த பாடம்

‘பாட்டாளிக்குப் படிக்க நேரமேது? பசிக்கிறவனிடம் பாடமா?’ என்று கேட்பார்கள் சிலர். அவர்களைக் கடல் கடந்து கியூபா நாட்டுக்கு அழைக்கிறேன்.

ஹவானா நகரம். ஆண்டு 1865. ‘எல் ஃபிகரோ’ என்னும் சுருட்டுத் தொழிற்சாலை. வரிசை வரிசையாகத் தொழிலாளர்கள், கையிலே புகையிலை, கண் வேலையிலே. காது மட்டும் சும்மா இருந்தது. அந்தக் காதுக்கு வேலை கொடுத்தார்கள். ஒருவரை உயரமான இருக்கையிலே அமர்த்தி, ஏட்டை உரக்கப் படிக்கச் செய்தார்கள். அவருக்குக் கூலி கொடுத்தவர்கள் யார்? முதலாளி அல்ல, அரசு அல்ல. தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக் கொடுத்தார்கள். எந்த நூலைப் படிப்பது என்று முடிவு செய்ததும் அவர்களே. சுருட்டுத் தொழிலாளியாக இருந்து, தொழிலாளர்களுக்கென்று ஏடு நடத்திய சடுர்னினோ மார்ட்டினெஸ் அந்த முயற்சிக்குத் துணை நின்றார்.

எழுத்தறியாதவன் இலக்கியம் அறிந்தான். தன் ஊர் எல்லையைத் தாண்டாதவன் உலக வரலாற்றைக் கேட்டான். அலெக்சாண்டர் டூமாவின் ‘மான்டி கிறிஸ்டோ’ நாவல் அவர்களிடையே பெற்ற செல்வாக்கு எவ்வளவு தெரியுமா? பிற்காலத்திலே புகழ்பெற்ற ஒரு சுருட்டு வகைக்கே அந்தப் பெயர் வந்தது!

ஆளவந்தார் இதைக் கண்டு களித்தார்களா? 1866ஆம் ஆண்டு மே மாதம் ஆணை பிறந்தது. தொழிற்சாலையிலே ஏடு படிக்கக் கூடாது! அதுமட்டுமல்ல, கவனியுங்கள்: வேலைக்குப் புறம்பான விவாதமும் நடத்தக் கூடாது! படிப்பைக் கண்டு மட்டும் அவர்கள் அஞ்சவில்லை. படித்ததைப் பற்றிப் பேசுவார்களே, அதைக் கண்டு அஞ்சினார்கள். நம்மவர் பலருக்கு இன்னும் விளங்காத உண்மை, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்த அதிகாரிகளுக்கு விளங்கியிருக்கிறது!

தடை நிலைக்கவில்லை, வழக்கம் நிலைத்தது. பிழைப்புத் தேடி அமெரிக்காவின் ஃபுளோரிடா சென்ற கியூபத் தொழிலாளர்கள், தங்களோடு அந்த வழக்கத்தையும் கொண்டு சென்றார்கள். அங்கே டாம்பா நகரிலே 1931இல் முதலாளிமார்கள் படிப்பவர்களை வெளியேற்றினார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வுக்கு வேலைநிறுத்தம் கண்டிருக்கிறோம். ஏடு படிப்பவருக்காக நடந்த வேலைநிறுத்தம் அது! தோற்றார்கள். படிப்பவர் அமர்ந்த இடத்துக்கு வானொலிப் பெட்டி வந்தது.

வானொலியும் பேசத்தானே செய்கிறது, என்ன நட்டம் என்று எண்ணாதீர்கள். படிப்பவரைத் தேர்ந்தெடுத்தவன் தொழிலாளி. பெட்டியைத் திருகியவன் முதலாளி. இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு பெட்டி இருக்கிறது. காலையிலே கண் விழித்ததும் அது பேசத் தொடங்குகிறது. இன்று எதைப் பார்த்து நீ கொதிக்கவேண்டும், எவனை நீ வெறுக்கவேண்டும் என்று அதுவே தேர்ந்தெடுத்துத் தருகிறது. வந்ததை வந்தபடியே பத்துக் குழுக்களுக்குத் தள்ளிவிடுகிறோம். தொண்டு முடிந்தது என்று எண்ணிக்கொள்கிறோம். தள்ளிவிடுவது தபால்காரர் வேலை, தோழர்களே. அவரும்கூட முகவரி சரியா என்று பார்த்துத்தான் கொடுக்கிறார்!

நம் நாட்டிலும் இந்த வழக்கம் இல்லாமலா போயிற்று? திராவிட இயக்கம் வளர்ந்த வரலாற்றைப் புரட்டுங்கள். முடிதிருத்தும் கடையிலே ஒருவர் ஏட்டை உரக்கப் படிப்பார். சவரத்துக்கு வந்தவரும் கேட்பார், சும்மா வந்தவரும் கேட்பார். தேநீர்க் கடையிலே, சைக்கிள் கடையிலே, தெருமுனைப் படிப்பகத்திலே ஒரு தாளைப் பத்துப் பேர் பங்கிட்டார்கள். படித்துக் காட்டியவனைக் கேட்டவன் மடக்கினான். மடக்கியவனை மற்றவன் மறித்தான். அந்த வாதத்திலேதான் தொண்டர்கள் தயாரானார்கள்.

அங்கே மக்கள் முதலில்

அண்டையிலே உள்ள கேரளத்தைப் பாருங்கள். பி. என். பணிக்கர் என்னும் பள்ளி ஆசிரியர், 1945இல் அம்பலப்புழையிலே, 47 நூலகங்களை ஒன்றுசேர்த்துத் திருவிதாங்கூர் நூலகச் சங்கம் கண்டார். சிற்றூர் சிற்றூராக நடந்தார். ‘படித்து வளர்க’ என்பது அந்த இயக்கத்தின் முழக்கம். நாற்பத்தேழு ஆயிரக்கணக்காயிற்று. எழுத்தறிவுப் பணிக்காக 1975இல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்கயா விருது அந்தச் சங்கத்தை நாடி வந்தது. அவர் மறைந்த ஜூன் 19ஆம் நாளைப் படிப்பு நாளாகக் கொண்டாடுகிறது கேரளம். அங்கே நூலகச் சட்டம் வந்தது 1989இல். நமக்கோ 1948இலேயே வந்துவிட்டது!

அங்கே மக்கள் முதலில், சட்டம் பின்னர். இங்கே சட்டம் முதலில், மக்கள் எங்கே? அங்கே உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுத்த குழு நூலகத்தை நடத்துகிறது. ஆகவே நூலகம் ஊருக்குச் சொந்தம் என்ற எண்ணம் அவர்களுக்கு இருக்கிறது. இங்கே துறை நடத்துகிறது. நாம் வருகிறோம், நாளேடு பார்க்கிறோம், போகிறோம். சட்டம் நமக்குக் கட்டடம் தந்தது, நூலகரைத் தந்தது, நூல் வாங்கப் பணம் தந்தது. வட்டத்தைச் சட்டம் தராது. அதை நாம்தான் தரவேண்டும்.

எரித்தார்களே, ஏன்?

‘நூலகம் என்ன அவ்வளவு பெரிய காரியமா?’ என்று இன்னமும் எவரேனும் கேட்டால், யாழ்ப்பாணத்தை நினைவூட்டுங்கள். வீட்டிலே சிறு அளவில் தொடங்கி, ஊரார் பணத்தில் வளர்ந்த நூலகம் அது. நமது ரங்கநாதன் ஆலோசனை வழங்க, சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்து தர, 1959இல் எழில்மிகு கட்டடம் திறக்கப்பட்டது. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு அதற்குத் தீ வைத்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன; மீண்டும் எழுத இயலாத ஓலைச் சுவடிகளும் சாம்பலாயின.

படைக்கலக் கிடங்கா அது? பணப் பெட்டகமா? இல்லை. ஓர் இனம் தன்னை அறிந்துகொள்ள உட்கார்ந்த இடம். பகைவனுக்கு அதன் மதிப்புத் தெரிந்திருந்தது. கட்டடத்தை மீண்டும் எழுப்பினார்கள். இன்று அங்கே மாணவர்கள் படிக்கிறார்கள். அங்கே எரித்தபோது கண்ணீர் வடித்தோம். இங்கே எவரும் எரிக்காமலே தூசியும் கரையானும் தின்கின்றனவே, அதற்கு வடிக்கக் கண்ணீர் இல்லையா?

எப்படிக் கூடுவது?

கண்ணீர் போதும்; காரியத்துக்கு வருவோம். 1998இலே அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பொது நூலகத்தில், நான்சி பேர்ல் என்னும் நூலகர் ஒரு திட்டம் வகுத்தார். நகரம் முழுவதும் ஒரே நூலைப் படிப்பது. பிறகு கூடிப் பேசுவது. எழுதிய ரசல் பேங்க்ஸையே வரவழைத்தார்கள். வேலையிலே, வாழ்விலே, நிறத்திலே வேறுபட்டவர்கள் பேசிக்கொள்ளப் பொதுவான ஒரு பொருள் கிடைத்தது. பிற நகரங்களும் அவ்வழியைப் பின்பற்றின.

நம் கிளைகள் ஏன் அப்படிச் செய்யக் கூடாது? ஒரு மாதம், ஒரு நூல். நூறு பக்கத்துக்குள் போதும். முதல் வாரம் அனைவரும் படிக்கட்டும். படிக்கத் தெரியாத தாய்க்கு மகள் படித்துக் காட்டட்டும். இரண்டாம் வாரம் ஒருவர் கால்மணி நேரம் நூலை எடுத்துரைக்கட்டும். அவர் கிளைச் செயலாளராகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. இல்லாதிருந்தால் இன்னும் நல்லது! மூன்றாம் வாரம் கேள்வி. நான்காம் வாரம் அந்த நூலை மறுக்கிற வேறொரு நூல். பெண்கள் வரக்கூடிய நேரமாகப் பார்த்து வையுங்கள். இரவு ஒன்பது மணிக்கு வைத்துவிட்டு, பெண்கள் வரவில்லையே என்று பெருமூச்சு விடாதீர்கள். தேர்வுக்குப் படிக்கிற இளைஞர்கள் காலை முதல் மாலை வரை நூலகத்திலேதான் இருக்கிறார்கள். வேலைக்காகப் படிக்கும் அந்தப் பிள்ளைகளை, வாரத்தில் ஒரு மணி வாழ்வுக்காகவும் படிக்க அழையுங்கள்.

கல்லூரிப் படிப்பை முடிக்காமல் வெளியே வந்தவன் நான். அதன் பிறகு எனக்கு இடம் கொடுத்தது ஒரு கிளை நூலகம். அங்கே கூடியது ஒரு சிறு வட்டம். ஒருநாள் ஒரு நாவலைப் பற்றிப் பேச்சு. இறுதியிலே முதலாளி மனம் மாறுகிறான், எல்லோரும் மகிழ்கிறார்கள், கதை முடிகிறது. பட்டம் பெற்றவர்கள் நடையைப் புகழ்ந்தார்கள், நயத்தைப் புகழ்ந்தார்கள். மூலையிலே அமர்ந்திருந்த நெசவாளர் ஒருவர் மெல்லக் கேட்டார்: “கதையிலே முதலாளி மாறிவிட்டார், சரி. மாறாத முதலாளியிடம் தறி ஓட்டுகிறானே, அவன் கதையை யார் எழுதுவது?” கூடமே வாயடைத்துப் போயிற்று. எந்தப் பேராசிரியரும் எனக்குத் தராத பாடம் அது. நாடகம் எழுத உட்காரும்போதெல்லாம் அந்தக் குரல் என் பேனாவைப் பிடித்து நிறுத்துகிறது.

நண்பர் ஒருவர் அச்சத்தோடு என்னைக் கேட்டார்: “மாற்றுக் கருத்துள்ள நூலையெல்லாம் படிக்கவிட்டால், தொண்டன் மாறிவிட மாட்டானா? தலைமையையே கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டால்?”

கேட்கட்டும்! மாற்றான் ஏட்டைப் புரட்டிய மாத்திரத்திலே பறந்துவிடுகிற கொள்கை, வேரோடு வளர்ந்த மரமல்ல. விழாவுக்கு நட்ட வாழை. கேள்வி கேட்கிற தொண்டனைக் கண்டு அஞ்சுகிற தலைமை, வெளிச்சத்தைக் கண்டு கூசுகிற கண். ஆயிரம் பேர் கைதட்டும்போது தெரியாத பிழை, ஒருவன் கேள்வி கேட்கும்போது தெரிந்துவிடும். அந்த ஒருவன் நமக்குத் தேவை. அவன் வெளியே போய்க் கேட்பதைவிட, நம் வட்டத்திலே உட்கார்ந்து கேட்பது நமக்கு நல்லதல்லவா? கொடி பிடிக்கும் கை வலுப்பெறவேண்டுமானால், அந்தக் கை ஏட்டையும் பிடித்திருக்கவேண்டும்.

நூலக மேசையிலே சாதிக்கு ஒரு நாற்காலி இல்லை. பணம் படைத்தவனுக்குத் தனிப் பக்கம் அச்சிடப்படவில்லை. இத்தகைய இடம் ஊரிலே வேறு எத்தனை இருக்கிறது? இருக்கிற ஒன்றை வெறுமையாக விட்டுவைக்கலாமா?

ஆகவே, தோழர்களே! அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர் நூலகத்துக்குச் செல்லுங்கள். உறுப்பினர் அல்லாதோர் உறுப்பினர் ஆகுங்கள். நூலகரைக் கண்டு, வாசகர் வட்டம் கூட ஒரு மணி நேரம் கேளுங்கள். பூட்டிக் கிடந்தால், சாவி எங்கே என்று கேட்டு மனு எழுதுங்கள். ஆறு பேர் வந்தால் ஆறு பேரோடு தொடங்குங்கள். மறுமுறை என்னை அழைக்கும்போது, பேச அழைக்கவேண்டாம். ஒரு நூலைச் சொல்லுங்கள், படித்துவிட்டு வருகிறேன். வட்டத்திலே ஓரிடம் கொடுங்கள். நீங்கள் கேளுங்கள், நான் விடை தேடுகிறேன். நான் கேட்கிறேன், நீங்கள் மறுத்துரையுங்கள்.